வெள்ளம் பார்த்த கார்

2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் நீரில் மூழ்கின. சரிசெய்யும் செலவு காரின் மதிப்பை நெருங்கினால், இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். கார் ஏலத்துக்குப் போகும். அப்படிப் போனவற்றில் சில, கழுவித் துடைக்கப்பட்டு, செகண்ட் ஹேண்ட் சந்தைக்குத் திரும்பி வருகின்றன.

நீர் எஞ்சினைக் கெடுக்கும் விதம் எளிது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டரில் உள்ள காற்றை அழுத்தும். காற்று சுருங்கும், நீர் சுருங்காது. மூழ்கிய காரை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராட் வளைந்துவிடுவது அதனால்தான். ஆனால் எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். வயரிங்தான் உண்மையான ஆபத்து. கனெக்டர்களுக்குள் புகுந்த ஈரம் செம்புப் பின்களை மெல்ல அரிக்கும்; பச்சை பூக்கும். வாங்கிய அன்று நன்றாக ஓடிய கார், சில மாதம் கழித்து நடுச்சாலையில் நின்றுபோகும். ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் முன் இருக்கைகளுக்கு நடுவே, தரையை ஒட்டியே இருக்கிறது. முழங்கால் அளவு நீர்கூட அதை எட்டிவிடும். விபத்து நேரத்தில் அது வேலை செய்யாமல் போகலாம் என்பதால், இதில் சமரசமே கூடாது. இக்னிஷனைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க அதைத் துண்டித்திருக்கலாம்.

துடைப்பவர் கை எட்டாத இடங்களைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள்; உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அடியில் வண்டலோ துருவோ உண்டா என்று பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள தண்டவாளத்தையும் போல்ட்டுகளையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஏழெட்டு வருடக் காரில் தரைவிரிப்பு மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் காரணம் கேளுங்கள். ஏசியைப் போட்டதும் பூஞ்சை நெடி அடித்தாலும் அப்படித்தான்.

ஆர்.சி. புக்கில் கடன் பதிவு இருந்தால் வங்கியின் என்.ஓ.சி. வேண்டும் என்பது பலருக்கும் தெரியும். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேட்பவர்கள்தான் குறைவு. பழைய பாலிசி நகல்களை விற்பவரிடம் வாங்கி, எந்த ஆண்டில் நோ கிளெய்ம் போனஸ் அறுபட்டது என்று பாருங்கள். அது வெள்ளத்தை அடுத்த புதுப்பித்தலாக இருந்தால், சர்வீஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.