மதராஸ் கலை இயக்க அருங்காட்சியகம், சோழமண்டலம்

மதராஸ் கலை இயக்க அருங்காட்சியகம் சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில், சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்தின் வளாகத்தில் அமைந்துள்ளது. 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் சென்னையில் உருவான ஓவிய, சிற்ப இயக்கம் ஒன்றுக்காக, அந்த இயக்கத்தைச் சேர்ந்த கலைஞர்களே தங்கள் குடியிருப்பில் நிறுவிய அருங்காட்சியகம் என்பது இதன் தனிச்சிறப்பு. கலைஞர்கள் கிராமம் தோன்றிய 1966இல் இப்பகுதி செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மணற்பாங்கான கடலோர ஊர். 1997இல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்தபோது அதனோடு சென்றது. 2011இல் சென்னை மாநகராட்சியில் இணைக்கப்பட்டது.

ஓர் இயக்கத்துக்கு ஏன் அருங்காட்சியகம்?

ஒரு கலை இயக்கத்தின் படைப்புகள் உரிய காலத்தில் ஓரிடத்தில் சேர்க்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பிரான்சின் இம்ப்ரெஷனிச ஓவியங்களின் கதை நல்ல எடுத்துக்காட்டு. 1874இல் மொனே, ரெனுவார், பிசாரோ, தெகா முதலியோர் அரசு ஆதரவு பெற்ற கண்காட்சியைப் புறக்கணித்து, பாரிசில் புகைப்படக் கலைஞர் நதாரின் பழைய நிலையத்தில் தாங்களே கண்காட்சி வைத்தனர். அதில் இருந்த மொனேயின் சூரியோதய ஓவியத்தின் தலைப்பைப் பிடித்துக்கொண்டு லூயி லெருவா என்ற விமரிசகர் இவர்களை ‘இம்ப்ரெஷனிஸ்டுகள்’ என்று கிண்டல் செய்தார். கிண்டலே பெயராக நிலைத்துவிட்டது.

இக்குழுவில் கொஞ்சம் வசதியானவர் குஸ்தாவ் கயிபோத். அவரும் ஓவியர். விற்காமல் கிடந்த நண்பர்களின் ஓவியங்களை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்தார். 1894இல் இறந்தபோது அத்தனையையும் நாட்டுக்கு எழுதி வைத்திருந்தார். பெரும் வாக்குவாதத்துக்குப் பிறகு அரசு அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்றுக்கொண்டது. மறுக்கப்பட்டவை நாட்டின் கையைவிட்டுப் போயின. இன்று அவ்வோவியங்களைக் காண உலகமே செல்லும் ஓர்சே அருங்காட்சியகம், ஒரு பழைய ரயில் நிலையத்தில் 1986இல்தான் திறக்கப்பட்டது. முதல் கண்காட்சிக்கும் இதற்கும் இடையே 112 ஆண்டுகள்.

சென்னைக் கலைஞர்கள் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை.

இயக்கத்தின் தோற்றம்

சென்னை ஓவியப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. நீண்ட காலம் அது தொழிற்கல்விக் கூடமாகவே இருந்தது. மரவேலை, உலோகவேலை, மண்பாண்டம் ஆகியவை அங்கே முதன்மை பெற்றன. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்திய முதல்வரானபோது நுண்கலைக்கு இடம் விரிந்தது. மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையைச் செய்தவர் இவரே.

அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் கே.சி.எஸ். பணிக்கர் (1911–1977). கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. ஓவியம் படிக்க வருமுன் தந்தித் துறையில் வேலை பார்த்தவர். அவருடைய தொடக்ககால நீர்வண்ண ஓவியங்களில் கேரளத்தின் நீர்நிலைகளும் தென்னைகளும் ஈரமான வெளிச்சமும் இம்ப்ரெஷனிசப் பாங்கில் வெளிப்படுகின்றன. பின்பு வான்கோவின் தாக்கம் தெரிகிறது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார். 1954இல் ஐரோப்பா சென்று ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். திரும்பி வந்தபின் அவரை அரித்த கேள்வி எளிமையானது: ஐரோப்பியர் ஏற்கெனவே செய்து முடித்ததை ஓர் இந்தியர் திறமையாகத் திரும்பச் செய்வதால் என்ன பயன்?

1957இல் அவர் ஓவியப் பள்ளியின் முதல்வரானார். இந்தக் கேள்வி அப்போது ஒரு தலைமுறை மாணவர்களின் கேள்வியாக மாறியது. அதற்கான விடை ஒளியில் அல்ல, கோட்டில் கிடைத்தது என்று சொல்லலாம். இம்ப்ரெஷனிஸ்டுகள் பொருளின் வெளிக்கோட்டைக் கரைத்து, ஒளியும் நிறமுமாக உலகைக் கண்டவர்கள். தென்னிந்தியாவிலோ வாசல் கோலம் முதல் கோயில் சிற்பம், பனையோலை எழுத்து வரை கோடுதான் உயிர். சென்னைக் கலைஞர்கள் அதை நவீன ஓவியத்துக்குள் கொண்டுவந்தனர். கே.எம். ஆதிமூலத்தின் காந்தி கோட்டோவியங்களும் தமிழ்ச் சிற்றிதழ்களுக்கு அவர் வரைந்த படங்களும் பரவலாக அறியப்பட்டவை. பி.வி. ஜானகிராம், எஸ். நந்தகோபால் போன்றோர் செம்புத் தகடுகளைத் தட்டியும் பற்றவைத்தும், கோயில் கவசங்களை நினைவூட்டும் வகையில் முன்பக்கம் மட்டுமே பார்வைக்குரிய சிற்பங்களைச் செய்தனர். பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தொடங்கினார். மலையாள எழுத்துப் போன்ற வடிவங்கள், கணக்குக் குறிகள், ஜாதகக் கட்டங்கள் அவற்றில் நிறைந்திருக்கும். படித்துப் பொருள் காண முயல்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அவை பார்ப்பதற்கான எழுத்துகள்.

துணியில் விளைந்த நிலம்

ஓவியம் வரைந்து பிழைக்க முடியாது என்பதே அன்றைய சென்னையின் நிலை. படிப்பை முடித்த மாணவர்கள் வேலை தேடி ஓவியத்தையே விட்டுவிடுவதைப் பணிக்கர் கண்டார். எனவே கலைஞர்கள் கைவினைச் சங்கம் ஒன்று உருவானது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் முறையில் துணிகளையும், உலோகம், சுடுமண் முதலியவற்றில் கைவினைப் பொருள்களையும் மாணவர்கள் ஓய்வு நேரத்தில் செய்தனர். கைவினை வயிற்றுக்கு, ஓவியம் மனத்துக்கு என்பது ஏற்பாடு. இந்த விற்பனையில் சேர்ந்த பணத்தில்தான் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கப்பட்டது. 1966இல் கிராமம் தொடங்கியபோது பெரிய புரவலரோ அரசு மானியமோ அதன் அடிப்படையாக இருக்கவில்லை. சுமார் நாற்பது கலைஞர்கள் இதில் சேர்ந்தனர். கே. ராமானுஜம், ஜே. சுல்தான் அலி, எஸ்.ஜி. வாசுதேவ், அர்னவாஸ், கே.வி. ஹரிதாசன், எம். சேனாதிபதி, பி.எஸ். நந்தன் ஆகியோர் அவர்களுள் சிலர். கற்பனை நகரங்களையும் விசித்திர விலங்குகளையும் நெருக்கமான கோடுகளால் வரைந்த ராமானுஜம் 1973இல் இளவயதிலேயே மறைந்தார்.

சோழமண்டலம் என்ற பெயர் கடற்கரையின் பழம்பெயரைக் குறிக்கிறது. ஐரோப்பியர் வாயில் அது கோரமண்டலம் ஆயிற்று. கிராமத்தின் நிர்வாகம் சங்கத்தின் கையில், அதாவது கலைஞர்களிடமே இருந்தது. இதே பழைய மாவட்டத்தின் உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஊர்ச்சபைக்குக் குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததையும், கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது என்பதையும் பதிவுசெய்துள்ளன. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆயினும் ஊரார் தம் பொதுக்காரியத்தைத் தாமே நடத்திக்கொண்ட மண்ணில், கலைஞர்கள் ஓர் ஊரையே அமைத்து நடத்தியது அந்நியமாகத் தோன்றவில்லை.

அருங்காட்சியகமும் அதன் நோக்கமும்

பணிக்கர் 1977இல் காலமானார். அவருடைய மகனும் சிற்பியுமான எஸ். நந்தகோபால் பின்னாளில் கிராமத்தின் பொறுப்பை ஏற்றுப் பல ஆண்டுகள் நடத்தினார். அருங்காட்சியகம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதற்கான தேவை தெளிவாகவே இருந்தது. இந்திய நவீன ஓவிய வரலாறு பெரும்பாலும் கல்கத்தா, பம்பாய், பரோடா, தில்லி ஆகிய இடங்களைச் சுற்றியே எழுதப்பட்டு வந்தது. சென்னைக்கு அதில் சில வரிகள் கிடைத்தால் அதிகம். படைப்புகளோ தனியார் வீடுகளுக்கும் வெளியூர்த் தொகுப்புகளுக்கும் சென்றுகொண்டிருந்தன. படைத்தவர்களும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தனர்.

2009இல் சமகாலக் கலை மையம் என்ற பெயரில் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. மதராஸ் இயக்கத்தின் முன்னோடிகளுடைய ஓவியங்களும் சிற்பங்களும் இதில் நிரந்தரமாக வைக்கப்பட்டுள்ளன. இண்டிகோ, லேபர்னம் என்னும் இரு காட்சிக்கூடங்களில் இன்றைய கலைஞர்களின் கண்காட்சிகள் மாறி மாறி நடைபெறுகின்றன. வெளியே திறந்தவெளிச் சிற்பத் தோட்டம் உண்டு. சுற்றிலும் கலைஞர்களின் வீடுகள். ஓவியத்தைப் பார்த்த மாணவர் அதை வரைந்தவரின் தெருவிலேயே நடந்து வெளியேறுகிறார். தமிழ்நாட்டில் இத்தகைய அனுபவம் வேறெங்கும் எளிதில் வாய்க்காது.

நந்தகோபால் 2017இல் மறைந்தார். தொடக்கக்காலக் கலைஞர்களில் பலர் இப்போது இல்லை. வேறு சிலர் வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் குடியேறினர். இயக்கத்தின் எல்லா முக்கியப் படைப்புகளும் இங்கு இருப்பதாகவும் கொள்ளக்கூடாது. பணிக்கரின் வளர்ச்சியை முழுமையாக அறிய விரும்புவோர் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரில் உள்ள காட்சிக்கூடத்துக்கும், தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்துக்கும் சென்றாக வேண்டும்.