மண்புழுவின் கடல் பங்காளிகள்

செட்டிநாட்டு இளையாத்தங்குடியிலிருந்து தென்கிழக்கே போனால் தொண்டி. அங்கே தொடங்குவது பாக் விரிகுடா, அலை ஓங்காத சேற்றுக் கடல். இப்படிப்பட்ட கரைகளில் நீர் வற்றும் நேரம் டயோபட்ரா என்ற புழுவின் வீட்டைப் பார்க்கலாம். சேற்றிலிருந்து கொஞ்சம் எழும்பி, நுனி வளைந்து நிற்கும் குழாய் அது. உள்ளே புழுவே சுரந்த உறுதியான படலம். வெளியே கிளிஞ்சல் சில்லு, கடற்புல் துண்டு என்று கிடைத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டியிருக்கும். குழாயின் பெரும்பகுதி சேற்றுக்குள்தான். தலையும் சுருள்சுருளான செவுள்களும் வாசலுக்கு வரும். நிழல் பட்டால் உள்ளே போய்விடும்.

பாலிகீட்டுகள் என்று சொல்லப்படும் கடல் வளைதசைப் புழுக்களில் இது ஒன்று. உலகில் இதுவரை பெயரிடப்பட்டவை 10,000-க்கும் மேல். அவற்றின் உடலமைப்பைப் படிக்க நெரீஸ் என்ற புழுதான் வசதி. தலையில் இரண்டு ஜோடிக் கண்கள், முன்னே இரண்டு உணர்கொம்புகள், பின்னால் நான்கு ஜோடி உணரிழைகள். இரை பிடிக்கும்போது தொண்டையே புரண்டு வாய்க்கு வெளியே வரும். அதன் நுனியில் கொக்கி போல் வளைந்த இரண்டு தாடைகள். அவற்றில் எலும்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. புரதத்தோடு துத்தநாகம் சேர்ந்துதான் அந்தக் கடினம் வருகிறது. எனக்கு இந்தப் புழுவில் தீராத வியப்பு இதுதான்.

தலைக்குப் பின்னால் கண்டம் கண்டமாக உடல். ஒவ்வொரு கண்டத்திலும் இருபுறமும் சதைமடலாகப் பக்கக்கால்கள்; அவற்றில் கற்றை கற்றையாகச் சீட்டாக்கள் எனும் கைட்டின் முட்கள். நடப்பதும் நீந்துவதும் இவற்றால்தான். ரத்தக்குழாய்கள் நிறைய ஓடுவதால் மூச்சு விடுவதும் இங்கேதான். புதுக் கண்டங்கள் வால்நுனிக்குச் சற்று முன்னால் முளைக்கும். ஆகவே தலைக்கு அருகில் இருப்பது மூத்தது.

சென்னை அரசு அருங்காட்சியகத்தில் சேர்த்து வைத்திருந்த பாலிகீட்டுகளை ஆராய்ந்து 1930-ல் எழுதியவர் பிரெஞ்சு விலங்கியலாளர் பியர் ஃபோவெல். இந்தியப் பாலிகீட்டுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 1953-ல் வந்தது. அவர் காலத்தில் இந்தப் புழுக்களை இரண்டே கூட்டமாகப் பிரித்தார்கள்: அலைந்து திரிபவை, ஓரிடத்தில் தங்குபவை. ஃபோவெல் தம் நாட்டுப் புழுக்களுக்கு 1923-லும் 1927-லும் எழுதிய இரு தொகுதிகளும் இந்தப் பிரிவின்படியே அமைந்தவை. படிக்க எளிது. ஆனால் டயோபட்ரா எதில் சேரும்? வசிப்பது குழாயில், தலையும் தாடைகளுமோ அலைபவற்றுக்கு உரியவை. அதனால் அலைபவற்றோடுதான் சேர்த்தார்கள்.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். அங்குள்ள நகரத்தார் சமூகத்துக்குக் கோயில்கள் ஒன்பது. இளையாத்தங்குடிக் கோயிலுக்குள் மட்டுமே ஏழு உட்பிரிவுகள். ஒருவர் ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனாரா, ஊரிலேயே இருந்தாரா என்பதை வைத்து யாரும் பங்காளி முறை பார்ப்பதில்லை. எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்றுதான் கேட்பார்கள். புழுக்களிடமும் வாழும் விதத்தைக் கேட்காமல் வம்சத்தைக் கேட்க வேண்டியிருந்தது. 1977-ல் கிறிஸ்டியன் ஃபௌச்சால்ட் அந்த இரட்டைப் பிரிவைக் கைவிட்டுப் பல வரிசைகளாக வகுத்தார். 2011-ல் டார்ஸ்டன் ஸ்ட்ரக்கும் குழுவினரும் நேச்சர் இதழில் மரபணு ஒப்பீட்டை வெளியிட்டபோது பழைய இரண்டு பெயர்களும் திரும்பி வந்தன. உறுப்பினர்கள்தான் மாறியிருந்தார்கள். தொட்டால் முள் ஒடிந்து தோலில் எரியும் தீப்புழுக்கள் அலைபவற்றிலிருந்து வெளியேறின. டயோபட்ரா அங்கேயே நிலைத்தது. தங்குபவற்றின் கிளைக்குள் வந்து உட்கார்ந்தவை நம் வயல் மண்புழுவும் குளத்து அட்டையும்.

அதாவது பாலிகீட், மண்புழு, அட்டை என்று பள்ளியில் படித்த மூன்று சமமான வகுப்புகள் வம்சப்படி நிற்காது. பிந்தைய இரண்டும் பாலிகீட் மரத்தின் ஒரு கிளைதான். நன்னீருக்கும் நிலத்துக்கும் வந்த அந்தக் கிளை பக்கக்கால்களை இழந்தது. ஆனாலும் நம் ஊர் லாம்பிட்டோ மண்புழுவின் கண்டங்களில் சீட்டாக்கள் சிறு முட்களாக வளையமிட்டு நிற்கின்றன. மண்ணுக்குள் பிடிமானம் கொடுப்பவை அவைதான். அட்டைகள் அந்த முட்களையும் விட்டுவிட்டன. வடதுருவப் பக்கத்துக் குளிர்ந்த நன்னீரில் மீன்களைப் பற்றி வாழும் அகாந்தோப்டெல்லா மட்டும் முன்பக்கத்துச் சில கண்டங்களில் அவற்றை இன்னும் வைத்திருக்கிறது.