மெமோவும் சமரசமும்

எங்க ஊர்ப்பக்கம் உதவிபெறும் பள்ளியில் வாத்தியாருக்கும் மேனேஜருக்கும் (தாளாளர் என்பது எழுத்தில் மட்டும்தான்) தகராறு என்றால் காகிதத்துக்குப் பின்னாலேயே தூதும் வந்துவிடும். நான் மெமோ வாங்கிய அன்று சாயங்காலமே வீட்டில் இரண்டு பேர். ஒருவர் சொந்தக்காரர், மற்றவர் சபை மூப்பர். 'சாரே, கேஸ் கீஸுன்னு போவாண்டாம். மேனேஜரைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிரும், தீந்து போவும்.'

போனேன், சொன்னேன், தீர்ந்தது. நான் செய்த தவறு என்ன என்பது மட்டும் கடைசிவரை எந்தத் தாளிலும் வரவில்லை. மன்னிப்புக் கேட்டவன் என்ற பேர் மட்டும் நின்றது.

நிர்வாகவியல் புத்தகங்கள் இதை மனிதர்களுக்கிடையேயான புரிதல் கோளாறு என்கின்றன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. சம்பளம் அரசு கஜானாவிலிருந்து. நியமனமும் தண்டனையும் நிர்வாகத்தின் கையில். மேனேஜருக்கு ஆசிரியர் 'நான் போட்ட ஆளு'. ஆசிரியருக்குத் தான் பாதி சர்க்கார் ஊழியர். இந்த இரட்டைத்தன்மையில்தான் முரண் கட்டமைக்கப்பட்டிருக்கிறது, குணத்தில் அல்ல.

திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். மறுவருஷமே கேரளத்தில் ஜோசப் முண்டசேரி கல்வி மசோதாவைக் கொண்டுவந்து, தனியார் மேனேஜர்களின் நியமன அதிகாரத்தில் கைவைத்தார். அது கிளப்பிய புயலை எல்லைக்கு இப்புறம் நின்று பார்த்தோம். இங்கே தனியார் பள்ளிகளுக்கென்று விரிவான சட்டம் 1973இல்தான். அதன் 22ஆம் பிரிவுப்படி, கல்வி அதிகாரியின் முன் அனுமதியில்லாமல் ஆசிரியரை நீக்க முடியாது. தற்காலிகப் பணிநீக்கத்துக்கு இரண்டு மாத வரம்பு, விசாரணை தாமதத்துக்கு ஆசிரியரே காரணமென்றால் இன்னும் இரண்டு மாதம். ஆனால் 1975இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் பல பிரிவுகள் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. சபைப் பள்ளிகள் நிறைந்த எங்கள் மாவட்டத்தில் இது சின்ன விஷயமில்லை. 1986இல் பிராங்க் அந்தோணி பள்ளி ஊழியர் வழக்கில் உச்சநீதிமன்றம், சம ஊதியம் கேட்பது சிறுபான்மையினரின் நிர்வாக உரிமையைப் பறிப்பதாகாது என்றது. 1973 சட்டத்தின் இடத்தில் இப்போது 2018ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 2023இல் நடைமுறைக்கு வந்தது.

நான் சமரசத்துக்கு எதிரியல்ல. குற்றச்சாட்டு எழுத்தில் வந்து, பதில் எழுத்தில் போய், விசாரணை முடிந்தபின் பேசுங்கள். அதற்கு முன்னால் பேசினால் சாதியும் சபையும்தான் பேசும். மெமோ வந்தால், எந்தத் தேதி, எந்தச் செயல், யாருடைய புகார் என்று எழுதிக் கேளுங்கள். கொடுத்ததற்குக் கையொப்பம் வாங்குங்கள். புகார் கொடுத்த தலைமையாசிரியரே விசாரிப்பவராக உட்கார்ந்தால் அதையும் எழுத்தில் ஆட்சேபியுங்கள். சங்கத் தோழர்களுக்கும் ஒன்று: வகுப்புக்கே போகாதவரை 'நம்ம ஆளு' என்று காப்பாற்றுவதும் அந்தத் திண்ணைப் பஞ்சாயத்தின் இன்னொரு வடிவம்தான்.

இவ்வளவும் உதவிபெறும் பள்ளி ஆசிரியருக்கு. எங்கள் தெருவில் சுயநிதிப் பள்ளியில் வேலைபார்த்த ஒரு டீச்சருக்குப் போன மே மாதம் போனில் சொன்னார்கள்: 'ஜூன்லேருந்து வராண்டாம்.' ஏன் என்று எழுதித்தரக் கேட்கச் சொன்னேன். 'யார்கிட்ட சார் கேக்க?' என்றார். நியமன உத்தரவே அவருக்குக் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.