பீப்பாயால் அளந்து கட்டிய நிலையம்

இலண்டன் மாநகரின் யூஸ்ற்றன் வீதியோரத்திலே செங்கல்லால் அமைந்த மாளிகை ஒன்று வானளாவி நிற்கின்றது. கூரிய சிகரங்களையும், மணிக்கூட்டுக் கோபுரத்தையும், வளைந்த சாளரங்களையும் முதன்முறை காண்போர், இது அரசமாளிகையோ, தேவாலயமோ என மயங்குவர். உண்மையில் அஃது ஒரு புகையிரத நிலையத்தின் முகப்பேயாகும். சென்ற் பாங்கிராஸ் என்னும் அந்நிலையம் 1868ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி திறக்கப்பட்டது.

மிட்லண்ட் இரயில்வே கம்பெனியார் அதனை அமைக்க முற்பட்டபோது, ரீஜன்ற் கால்வாய் வழியிலே குறுக்கிட்டது. அயலிலுள்ள கிங்ஸ் குறொஸ் நிலையத்துப் பாதை கால்வாயின் கீழாகச் செல்கின்றது. இவர்களோ மேலாகச் செல்லத் துணிந்தனர். ஆதலால் தண்டவாளங்களும் மேடைகளும் வீதி மட்டத்துக்குப் பல அடி உயரத்தில் அமைந்தன. அவற்றின் கீழே பெரியதொரு நிலவறை கிடைத்தது.

பேர்ட்டன் நகரிலிருந்து வரும் பியர் பீப்பாய்களை அங்கே அடுக்குவதென முடிவாயிற்று. நாம் சாணாலும் முழத்தாலும் அளப்போம். பொறியியலாளர் வில்லியம் ஹென்றி பார்லோவோ பீப்பாயையே அளவுகோலாகக் கொண்டார்! நிலவறைத் தூண்களின் இடைவெளி அந்தக் கணக்கிலேயே அமைந்தது.

மேலே அவர் எழுப்பிய இரும்புக் கூரை இதனினும் வியப்புக்குரியது. ஏறக்குறைய 240 அடி அகலம், 690 அடி நீளம், 100 அடி உயரம். இத்தனைக்கும் நடுவிலே ஒரு தூணேனும் இல்லை. சிறு பந்தலுக்கே நடுக்கால் நாட்டுகின்ற நமக்கு இஃது எங்ஙனம் இயன்றது என்று தோன்றும். வில்லையும் நாணையும் எண்ணிப் பார்ப்போமாயின் விடை எளிது. கூரையின் வளைவு வில். மேடைத் தளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்களே நாண். வளைவின் கால்கள் அகன்று விடாதபடி அவை இழுத்துப் பிடிக்கின்றன. அந்நாளில் ஒரே வளைவால் மூடப்பெற்ற இடங்களுள் உலகிலேயே பெரியது இதுதான்.

முகப்பிலுள்ள ஹோட்டலை வரைந்தவர் சேர் ஜோர்ஜ் கில்பேட் ஸ்கொட். 1873இல் திறக்கப்பெற்ற அது செல்வர் தங்கும் இடமாய்ச் சிறந்தது. ஆயினும் அறைதோறும் குளியலறை இல்லை. விருந்தினருக்குரிய வெந்நீரையும் நிலக்கரியையும் சுமப்பதற்கே பணியாளர் பலர் வேண்டியிருந்தனர். காலம் மாறியது, 1935இல் ஹோட்டல் மூடப்பட்டு, புகையிரத அலுவலகமாயிற்று.

1961–62இல் அயலிலுள்ள யூஸ்ற்றன் நிலையத்தின் புகழ்பெற்ற வாயில் வளைவு இடித்துத் தள்ளப்பட்டது. சில ஆண்டுகளில் சென்ற் பாங்கிராஸுக்கும் அதே ஆபத்து நெருங்கியது. விக்டோரியா காலத்துக் கட்டிடங்களை அழகற்றவை எனப் பலர் இகழ்ந்த காலம் அது. கவிஞர் ஜோன் பெற்ஜமனும் விக்டோரியன் சங்கத்தாரும் இடைவிடாது வாதாடினர். 1967ஆம் ஆண்டு நவம்பரில் அது முதற்தரப் பாதுகாப்புக்குரிய கட்டிடமென அறிவிக்கப்பட்டது.

பாதுகாப்புக் கிடைத்தும் பராமரிப்புக் கிடைக்கவில்லை. எழுபதுகளிலே நிலையத்தின் பெரிய கடிகாரம் அமெரிக்கர் ஒருவருக்கு விற்கப்பட்டது. கழற்றி இறக்கும்போது விழுந்து சிதறியது. புகையிரதத் தொழிலாளி ஒருவர் அத்துண்டுகளை வாங்கிச் சென்று, பொறுமையாக ஒட்டிச் சேர்த்துத் தமது களஞ்சியச் சுவரிலே பொருத்தி வைத்தார். பின்னாளில் நிலையத்துக்குப் புதிய கடிகாரம் செய்தவர்களுக்கு அதுவே மாதிரியாயிற்று.

புதுப்பிக்கப்பட்ட நிலையம் 2007இலும், ஹோட்டல் 2011இலும் மீண்டும் திறக்கப்பட்டன. இன்று பாரிஸ் செல்லும் பயணிகள் வண்டிக்குக் காத்திருப்பது எங்கே தெரியுமா? அன்று பீப்பாய்கள் அடுக்கிய அதே நிலவறையிலேதான்!

பழைய கட்டிடமொன்றைப் பயனற்றதென இடிக்குமுன் நாம் சற்றே சிந்தித்தல் வேண்டும். நமக்குப் பயன் தெரியாதிருக்கலாம். நம் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியக்கூடும். இடித்தபின் அவர்களிடம் நாம் எதைக் காட்டுவோம்?