தில்லியின் ஆறு பருவங்களும் குழந்தைகள் உள்ள வீடும்

ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்துக் காணும் வழக்கம் தமிழுக்கும் உண்டு, வடமொழிக்கும் உண்டு. தமிழ் இலக்கணம் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என அவற்றை வரிசைப்படுத்துகிறது. வடநாட்டார் வசந்தம், கிரீஷ்மம், வர்ஷம், சரத், ஹேமந்தம், சிசிரம் என்பர். சென்னையிலோ தூத்துக்குடியிலோ வாழ்பவருக்கு இவற்றுள் சில, ஏட்டளவில் நிற்கும் பெயர்களே. தலைநகராகிய தில்லியில் குடித்தனம் நடத்தும் நமக்கோ ஆறும் அனுபவத்தில் வந்து சேர்கின்றன. மே மாதத்துப் பகலில் வெப்பம் சராசரியாக 40 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கிறது. ஜனவரி இரவுகளில் 7 அல்லது 8 டிகிரிக்கு இறங்குகிறது.

வளர்ந்தவர்கள் மட்டும் வாழும் வீட்டில் பருவ மாற்றம் பெரும்பாலும் உடை மாற்றத்தோடு முடிந்துவிடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் அவ்வாறு முடிவதில்லை. படுக்கும் இடம், குளிக்கும் வேளை, சன்னலைத் திறக்கும் நேரம், விளையாடும் பொழுது, கிண்ணத்தில் விழும் உணவு ஆகிய யாவும் மாறுகின்றன. இம்மாற்றங்களை ஊன்றிக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரு பருவத்தில் குழந்தையைக் காக்கும் பொருளே, பருவம் மாறிய பின்னும் இருந்த இடத்திலேயே இருக்குமாயின், அக்குழந்தைக்குத் தீங்காகிவிடுகிறது. ஆகவே இவ்வூரில் குழந்தை வளர்ப்பு என்பது, எதனை எப்போது எடுப்பது, எப்போது எடுத்து வைப்பது என்னும் காலமறிதலே ஆகும்.

இதற்குக் காரணம் குழந்தையின் உடலமைப்பில் இருக்கிறது. எடையோடு ஒப்பிடும்போது அதன் தோற்பரப்பு நம்முடையதைவிட மிகுதி. ஆதலால் விரைவில் சூடேறும், விரைவில் குளிரும். வளர்ந்தவர் ஒரு நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகையில், பிறந்த குழந்தை ஏறக்குறைய 40 முறை விடுகிறது. தாகம் எடுக்கிறது என்றோ, போர்வை கனக்கிறது என்றோ அதற்குச் சொல்லத் தெரியாது. அது சொல்லாததை நாம் அறிந்து செய்யவேண்டியிருக்கிறது.

வசந்தத்திலிருந்து தொடங்குவோம். வசந்த பஞ்சமியன்று மஞ்சள் உடுத்தி, ஹோலியன்று வண்ணம் தெளித்து இவ்வூரார் குளிருக்கு விடை கொடுக்கின்றனர். ஆனால் மார்ச் மாதத்தில் காலை ஒரு பருவம், நண்பகல் மற்றொரு பருவம். விடியலில் போட்ட கனத்த கம்பளிச் சட்டையோடு பகல் பதினொரு மணிக்கும் இருக்கும் குழந்தைக்கு வேர்க்குரு வந்துவிடும். கை கால்கள் சில்லென்றிருப்பதைக் கொண்டு மட்டும் குளிரை அளக்கக்கூடாது. பிடரியையோ மார்பையோ தொட்டுப் பார்ப்பதே சரியான அளவுகோல். கனத்த உடை ஒன்றினைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்றே ஏற்றவை. வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம்.

இம்மாதத்தில்தான் கம்பளிகள் டிரங்குப் பெட்டிக்குள் செல்கின்றன. அவற்றின் மடிப்புகளுக்கிடையே பாச்சை உருண்டை வைப்பது வழக்கம். குழந்தையின் துணிகளுக்கு அது வேண்டாம். அவ்வுருண்டையின் நாப்தலீன் ஆவி, பிறவியிலேயே ஒருவகைக் குறைபாடுள்ள பச்சிளம் குழந்தைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சட்காமாலையை உண்டாக்கக் கூடும். அக்குறைபாடு வெளிப்பார்வைக்குத் தெரியாது. உலர்ந்த வேப்பிலை போதும். மீண்டும் எடுக்கும்போது துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே குழந்தைக்கு அணிவிக்கவேண்டும்.

அடுத்து முதுவேனில். மேற்கிலிருந்து அனல் போல் வீசும் காற்றினை இங்கே ‘லூ’ என்பர். சமவெளிகளில் வெப்பம் 45 டிகிரியைத் தொட்டால் வானிலைத் துறை அதனை வெப்ப அலை எனக் குறிக்கிறது. அந்நாட்களில் காலை பத்து மணிக்குமுன் சன்னல்களை அடைத்துத் திரையிடுவதும், மாலை மங்கிய பிறகு திறப்பதும் வீட்டு ஒழுங்கு. குழந்தைகளின் விளையாட்டு விடியலுக்கும் அந்திக்கும் இடம் மாறுகிறது.

சாதாரணக் குடும்பங்களின் துணை கூலர் எனப்படும் குளிர்விப்பானே. நனைந்த வெட்டிவேர்த் தட்டியினூடே உலர்ந்த காற்று புகும்போது நீர் ஆவியாகிறது, ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது, காற்றுக் குளிர்கிறது. உள்ளே வந்த காற்று வெளியேற ஒரு சன்னல் திறந்திருந்தால்தான் இது நன்கு நடைபெறும்.

கோடையில் கைக்குழந்தைக்கு இடையிடையே தண்ணீர் புகட்டும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அன்பினால் செய்வதுதான், ஆயினும் தவறு. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பாலே போதும், கடுங்கோடையிலும் தண்ணீர் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. தாய்ப்பாலின் பெரும்பகுதி நீரே. தண்ணீர் புகட்டினால் சிறு வயிறு நிரம்பிப் பால் குடிப்பது குறையும். தண்ணீரோடு நோய்க்கிருமிகளும் புகக்கூடும். அடிக்கடி பாலூட்டுவதும், தாய் நிறைய நீர் அருந்துவதுமே வழி. ஓரளவு வளர்ந்த குழந்தைகளுக்கு மாங்காயைச் சுட்டோ வேகவைத்தோ செய்யும் பன்னாவும், வில்வப்பழச் சாறும், வெள்ளரிப் பிஞ்சும் இவ்வூர்க் கோடை தரும் கொடைகள்.

ஜூன் இறுதியில் தென்மேற்குப் பருவமழை தில்லியை எட்டுகிறது. 27ஆம் தேதி அதன் வழக்கமான நாள். 2024ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங் நிலையத்தில் 228.1 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. குழந்தைகளுக்கு இது கொண்டாட்டக் காலம். நாவற்பழத்தில் நாக்கு நீலமாகும்; தேங்கிய நீரில் காகிதக் கப்பல் மிதக்கும்; ஆகஸ்டு 15 அன்று மொட்டை மாடிதோறும் பட்டம் பறக்கும்.

மே மாதத்தில் காத்த கூலர் பகையாவது இப்பருவத்தில்தான். காற்றில் ஈரம் மிகுந்துவிட்டமையால் நீர் முன்போல் ஆவியாவதில்லை. அறையில் குளிர்ச்சிக்குப் பதில் புழுக்கமே மிஞ்சுகிறது. கூலரை நிறுத்திவிடுகிறோம், தொட்டியில் உள்ள நீரை மறந்துவிடுகிறோம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. வீட்டினுள் தேங்கும் தெளிந்த நீரையே நாடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாட்கள் ஆகும். எனவே வாரம் ஒருமுறை தொட்டியைக் கவிழ்த்துக் காயவைத்தால் அச்சங்கிலி அறுந்துவிடும். கவிழ்ப்பது மட்டும் போதாது. தேய்த்துக் கழுவவும் வேண்டும். சுவரில் ஒட்டிய முட்டைகள் பல மாதங்கள் உலர்ந்து கிடந்தும், நீர் பட்டவுடன் பொரிக்க வல்லவை. தண்ணீர்த் தட்டுப்பாட்டிற்கு அஞ்சிக் கோடையில் நிரப்பிவைத்த பீப்பாய்களுக்கும் இதுவே விதி.

இக்கொசு பகலில் கடிப்பது. ஆதலால் பகலில் உறங்கும் குழந்தைக்கும் கொசுவலை வேண்டும். டெங்கு என்ற ஐயம் உள்ள காய்ச்சலுக்கு ஆஸ்பிரினும் இபுபுரோபெனும் கொடுத்தலாகாது. அவை இரத்தக் கசிவை மிகுவிக்கும். காய்ச்சல் தணியும் வேளைதான் கவனிக்க வேண்டிய வேளை. அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, சோர்வு, இரத்தக் கசிவு ஆகியவற்றுள் ஒன்று தென்படினும் மருத்துவமனைக்கு விரையவேண்டும்.

மழைக்காலத்தின் மற்றொரு துன்பம் வயிற்றுப்போக்கு. 1971ஆம் ஆண்டு வங்காளத்து அகதி முகாம்களில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். அதன் வழிவந்த உப்புச் சர்க்கரைப் பொட்டலம் இன்று எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்கிறது. ஒரு லிட்டருக்கெனக் குறித்த பொட்டலத்தை முழுவதும் ஒரு லிட்டர் தூய நீரில் கலக்கவேண்டும். நீர் குறைந்தால் கரைசல் கடுமையாகும், மிகுந்தால் பயன் குன்றும். கலந்ததை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கலாகாது. இதனோடு மருத்துவர் கூறும் அளவில் 14 நாட்கள் துத்தநாக மாத்திரையும் கொடுப்பது முறை.

செப்டம்பர் இறுதியில் மழை விடைபெறுகிறது. சரத் காலத்தின் முதற்பகுதி தில்லிக் குழந்தையின் பொற்காலம். வியர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. ராமலீலை மைதானங்களில் தந்தையின் தோள்மீது அமர்ந்து இராவணன் எரிவதைக் காணும் சிறுவர்களை நேயர்கள் பலர் பார்த்திருக்கக்கூடும்.

பின்னர்க் குளிர் வருகிறது. வெயில் இப்போது உறவாகிறது. மே மாதத்தில் எந்த வெயிலுக்குத் திரையிட்டோமோ, அதே வெயிலைத் தேடிக் கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் இடுகிறோம். சூரிய ஒளி தோலில் பட்டு வைட்டமின் டி உண்டாகிறது. எலும்பு வலுப்பெற அது தேவை. சிவப்புக் கேரட்டு அல்வா, கடுகுக் கீரை, எள்ளும் வெல்லமும் சேர்த்த கசக் என உணவும் வெப்பத்தை நோக்கித் திரும்புகிறது. வெயிலில் அமர்ந்து வேர்க்கடலை உரிப்பது இவ்வூர்க் குளிர்காலத்தின் அடையாளம். ஆனால் சிறு குழந்தைக்கு முழுக் கடலை ஆகாது, மூச்சுக்குழலில் சிக்கிவிடும். பொடித்துக் கொடுக்கலாம். இருமலுக்குத் தேன் தடவும் பழக்கமும் ஒரு வயது நிறையும்வரை வேண்டாம்.

அங்கீட்டி எனப்படும் கரிக் கணப்பே குளிர்காலத்தின் பேரிடர். கதவை அடைத்து அதனைச் சுற்றி உறங்கிய குடும்பங்கள் விடியலில் எழாமற்போன செய்திகளைக் குளிர்காலந்தோறும் நாளிதழ்களில் படிக்கிறோம். கரி எரியும்போது எழும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைக் கைப்பற்றிவிடுகிறது. கணப்பைத் திறந்த வெளியில்தான் மூட்டவேண்டும். படுக்கையறைக்குப் போர்வையும் தாயின் அணைப்புமே தக்க துணை.

இதுவரை கூறியவை யாவும் வீட்டாரின் கையில் உள்ளவை. அவ்வாறு அல்லாதது ஒன்று உண்டு. அக்டோபர் முடிவிலிருந்து குளிர்காலம் முழுவதும் இந்நகரின் மேல் புகை கவிகிறது. வண்டிகளின் புகை, தொழிற்கூடங்களின் புகை, கட்டட வேலைத் தூசி, அண்டை மாநிலங்களில் நெல் அறுவடைக்குப் பின் எரிக்கும் தாளின் புகை, தீபாவளி வெடிகள் என அதற்குப் பல ஊற்றுகள். குளிரில் தரையையொட்டிய காற்றுக் குளிர்ந்து கனக்கிறது, அதன் மேல் வெப்பக் காற்று மூடி போல் அமைகிறது, காற்றோட்டமும் மந்தமாகிறது. எழும் புகை கலைந்துபோக வழியில்லை. 2015ஆம் ஆண்டு முதல் நாட்டில் காற்றின் தரத்தை ஒரு குறியீட்டெண்ணால் அறிவிக்கின்றனர். அது 400ஐத் தாண்டினால் ‘கடுமை’ எனப்படுகிறது. 2016, 2019, 2023 ஆகிய ஆண்டுகளின் நவம்பர் மாதங்களில் இங்கே பள்ளிகளை மூட நேர்ந்தது. 2024ஆம் ஆண்டு நவம்பரில் வகுப்புகள் இணையவழியாயின.

நுரையீரலின் நுண்ணறைகளுள் பெரும்பாலானவை பிறந்த பின்னரே உருவாகின்றன. அவை உருவாகும் ஆண்டுகளில்தான் குழந்தை இக்காற்றை நம்மைவிட வேகமாக உள்ளிழுக்கிறது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முகக்கவசம் பொருந்தாது. காற்றைச் சுத்திகரிக்கும் இயந்திரம் விலை கொடுக்க வல்லவர்க்கே. அதுவும் அடைத்த அறைக்குள் மட்டுமே உதவும். குழந்தையை உள்ளே வைத்தால் வெயிலை இழக்கிறது; வெளியே விட்டால் புகையை ஏற்கிறது. அறைக்குள் ஊதுவத்தியும் கொசுவத்தியும் கொளுத்தாதிருத்தல், குறியீட்டெண் உயர்ந்த நாளில் ஓடியாடும் விளையாட்டைத் தவிர்த்தல், மூச்சு வாங்கும் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டுதல் ஆகியவை நாம் செய்யத்தக்கவை. அவற்றைச் செய்தாலும் புகை குறைவதில்லை.

காற்று மாசு கடுமையாகும்போது படிப்படியாக எடுக்கவேண்டிய நடவடிக்கைத் திட்டம் 2017ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. தலைநகர் வட்டாரத்தின் காற்றுத் தர மேலாண்மைக்கென 2021ஆம் ஆண்டு தனிச் சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் புகை சூழ்ந்த பின் எழும் கூக்குரல், பிப்ரவரியில் வானம் தெளிந்ததும் அடங்கிவிடுகிறது. குளிர் வந்த பிறகு பஞ்சு அடிப்பவரைத் தேடும் குடும்பம் உண்டா? ரஜாய்க்கு வேண்டிய பஞ்சினை முன்கூட்டியே அடித்து வைக்கிறோம். அதுபோலவே, தாளை எரிக்காமல் அகற்றும் கருவி உழவருக்கு அறுவடைக்கு முன்பே கிடைத்ததா, பேருந்துகள் பெருகினவா, தெருவின் தூசிக்கு ஏற்பாடு உண்டா என்ற வினாக்களை ஐப்பசியில் அல்ல, ஆடியிலேயே கேட்கவேண்டும். குழந்தைகள் உள்ள ஒவ்வொரு வீடும், கூலர் தொட்டியைத் தேய்த்துக் கழுவும் அந்த மாதத்திலேயே, இவ்வினாக்களைத் தன் பிரதிநிதியிடம் எழுப்புமாயின், குளிர்கால வெயில் மீண்டும் குழந்தைகளுக்கு உரியதாகும்.