கோலின் கதை – 7: மூடி வைத்த புத்தகம்

1886 ஜூன் 30. ரியோ டி ஜெனீரோ. இத்தாலியிலிருந்து கப்பலேறி வந்திருந்த ஓபரா குழு அன்றிரவு வெர்டியின் ‘அய்தா’வை நடத்த வேண்டும். கண்டக்டர் லியோபோல்டோ மிகேஸ் பிரேசில்காரர். குழுவோடு ஒத்துப்போகாமல் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார். பழியை இத்தாலியர்கள் தலையில் கட்டிப் பத்திரிகைக்கும் எழுதிவிட்டார். நம் ஊர் ஆளை வந்தவர்கள் அவமதித்துவிட்டார்கள் என்று ஊர் கொதித்தது. அரங்கம் நிறைந்தது, ஆனால் வந்தவர்களில் பலர் பாட்டுக் கேட்க வரவில்லை.

உதவிக் கண்டக்டர் சுப்பெர்த்தி வந்து நின்றார். எழுந்த கூச்சலில் ஒரு சுரம்கூட வாசிக்க முடியவில்லை, திரும்பிப் போனார். கோரஸ் பயிற்சியாளர் வெந்தூரி வந்தார். அவருக்கும் அதே கதி.

வாத்தியக்காரர்கள் நடுவே செல்லோவும் கையுமாக ஒரு பையன் இருந்தான். பார்மா ஊர்த் தையல்காரர் மகன், வயது 19. வாசிப்பதோடு பாடகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையும் அவனுக்கு உண்டு. ‘அய்தா’ முழுவதும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். “நீ போய் நில்லுடா” என்கிற மாதிரி அவனைப் பிடித்துத் தள்ளினார்கள். அர்த்துரோ டோஸ்கனீனி ஏறி நின்றான். எதிரே விரித்திருந்த இசைக்குறிப்புப் புத்தகத்தை மூடினான். கோலை எடுத்தான்.

இந்தச் சின்னப் பையன் என்னதான் செய்யப் போகிறான் என்ற வேடிக்கையிலேயே கூச்சல் அடங்கியிருக்க வேண்டும். ஓபரா முடிந்தபோது அதே கூட்டம் கைதட்டியது. அந்தப் பயணம் முடியும்வரை கோல் அவன் கையில்தான் இருந்தது.

புத்தகத்தை மூடியதில் துணிச்சலைப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதற்குப் பின்னால் சாதாரணமான ஒரு காரணம் இருந்தது: கண். அவருக்குக் கிட்டப்பார்வை, அதுவும் மோசமான கிட்டப்பார்வை. ஓபரா ஸ்கோரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே புல்லாங்குழல், அதன் கீழ் ஓபோ, கிளாரினெட், கொம்பு, டிரம்பெட், முரசு. அப்புறம் பாடகர்கள், கோரஸ். அடியில் வயலினிலிருந்து டபுள் பாஸ் வரை. இருபது, முப்பது வரிகள் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கியிருக்கும். இடமிருந்து வலம் படித்தால் போதாது, மேலிருந்து கீழும் அதே நொடியில் படித்தாக வேண்டும். கையெட்டும் தூரத்தில் இருக்கும் அந்த எறும்பு எழுத்துகள் டோஸ்கனீனிக்கு வெறும் கறுப்புப் புகை. ஆகவே வீட்டில் பக்கத்தை மூக்கருகே பிடித்துப் படிப்பார். படித்தது தலைக்குள் போய்விடும். மேடையில் புத்தகம் இருந்தும் பயனில்லை.

வாத்தியக்காரர்கள் வட்டாரத்தில் ஒரு கதை உலவும். பாசூன் வாசிப்பவர் பதறிக்கொண்டு வந்து, அடிச்சுரம் ஒன்றின் சாவி உடைந்துவிட்டது என்கிறார். டோஸ்கனீனி கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிக்கிறார். கவலைப்படாதீர்கள், இன்றைய நிகழ்ச்சியில் உங்களுக்கு அந்தச் சுரமே வராது என்கிறார். நடந்ததோ, சோடித்ததோ. ஆனால் அவரைப் பற்றி இதை நம்பினார்கள் பாருங்கள்.

அவருடைய கோபத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒத்திகையில் கோலை முறிப்பார், கத்துவார். அந்தக் கத்தல்கூட ஒலிப்பதிவில் இருக்கிறது. நூறு பேர் வாசிக்க வேண்டியதும் தலைக்குள் இருக்கும் மனிதருக்கு, ஒருவர் பிசகினாலும் காதில் ஊசி. அதற்காகக் கத்தியது நியாயம் என்று சொல்லமாட்டேன்.

ஊர் திரும்பியதும் அவர் செய்த காரியம் எனக்கு ரியோ இரவைவிடப் பெரிது. டூரினில் கண்டக்டராகக் கைதட்டல் வாங்கியவர், 1887 பிப்ரவரியில் மிலானின் லா ஸ்காலாவில் வெர்டியின் ‘ஒத்தெல்லோ’ முதல்முறை மேடையேறியபோது, மறுபடி செல்லோவைத் தூக்கிக்கொண்டு இரண்டாம் வரிசையாளராக உட்கார்ந்தார். வெர்டி எப்படி வேலை வாங்குகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பிறகு எல்லாம் வேகம்: 1892-இல் ‘பலியாச்சி’, 1896-இல் புச்சீனியின் ‘லா போயேம்’ இரண்டுக்கும் முதல் அரங்கேற்றம் அவர் கையில். 1898-இல் லா ஸ்காலாவே அவர் பொறுப்பில்.

புத்தகமில்லாமல் நிற்பது அவருக்குப் பின் ஒரு நாகரிகமாகவே ஆகிவிட்டது. கண் நன்றாகத் தெரிந்தவர்களும் மூடி வைத்தார்கள். அதில் சிலர் திறந்து வைத்திருக்கலாம்.

1954 ஏப்ரல் 4. நியூயார்க், கார்னகி ஹால். அமெரிக்க வானொலி நிறுவனம் என்பிசி அவருக்காகவே 1937-இல் அமைத்த ஆர்க்கெஸ்ட்ரா, முழுக்க வாக்னர், நேரடி ஒலிபரப்பு. டோஸ்கனீனிக்கு 87 வயது ஆகிப் பத்து நாள். ‘டான்ஹொய்சர்’ நடுவே கை தளர்ந்தது. கோல் தயங்கியது. எதிரே புத்தகம் கிடையாது. இருந்தாலும் பார்க்கக் கண் கிடையாது. ஒலிபரப்பு அறையில் பதறிப்போய் பிராம்ஸின் இசைத்தட்டு ஒன்றை ஓடவிட்டார்கள். மேடையிலோ, முதல் செல்லோக்காரர் ஃபிராங்க் மில்லர் தன் இடத்திலிருந்தபடியே மற்றவர்களுக்குச் சைகை காட்டி, எல்லாரையும் கரை சேர்த்தார். நிகழ்ச்சி முடிந்து இறங்கிப் போன கிழவர் கைதட்டலுக்குத் திரும்பி வரவில்லை. அதற்கப்புறம் பொதுமேடை ஏறவும் இல்லை.

அடுத்த வாரம்: 1931, போலோன்யா. முசோலினி கட்சிக்காரன் விட்ட அறை.

(தொடரும்)