மீன் இரவை அறியும் விதம்

கண் இருந்தால் ஒளி, இல்லையேல் இருள் என்பது நம் எண்ணம். மீனினத்தைப் பொறுத்தவரை இது முழு உண்மையன்று. 1911-ஆம் ஆண்டில் கார்ல் ஃபான் ஃபிரிஷ் என்னும் அறிஞர், பார்வையற்ற மின்னோ என்ற சிறு மீன்களின் தலையுச்சியில் ஒளியைப் பாய்ச்சினார். அவற்றின் மேனி நிறம் மாறிற்று. கண்ணின்றியும் மூளைப் பகுதி ஒளியை உணர்கின்றது என்பது இதனால் விளங்கிற்று.

மீனின் மூளையின் மேற்புறத்தில், மண்டையோட்டுக்குச் சற்றுக் கீழே, பீனியல் என்னும் சுரப்பி அமைந்துள்ளது. இதன் உயிரணுக்கள் விழித்திரையின் உயிரணுக்களை ஒத்தவை. ஒளியை நேராகவே உணர வல்லவை. மெலடோனின் என்னும் ஹார்மோனை ஆக்குபவையும் இவையே. ஆரன் லெர்னரும் அவருடைய குழுவினரும் 1958-இல் மாட்டின் பீனியல் சுரப்பியிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுத்த பொருள் இது.

இஃது உண்டாகும் முறை யாது? இருளில் உயிரணுவின் வாயில்கள் திறந்து கால்சியம் உட்புகுகின்றது. அதன் விளைவாக, ஸெரடோனினை மெலடோனினாக மாற்றும் வேலையைத் தொடங்கிவைக்கும் நொதி சிதையாமல் காக்கப்படுகின்றது. மெலடோனின் பெருகி, சேமித்து வைக்கப்படாமல், உடனே குருதியிற் கலக்கின்றது. ஒளி பட்டதும் வாயில்கள் மூடுகின்றன, கால்சியம் குறைகின்றது, காவலிழந்த நொதி விரைவிற் சிதைகின்றது, உற்பத்தி தணிகின்றது. ஆகவே, மெலடோனின் மிகுந்திருக்கும் நேரமே இரவின் அளவுகோல். அதனைக் கொண்டு பருவம் மாறுவதையும் மீனின் உடல் அறிய இயலும்.

எல்லா மீன்களும் ஒரே விதமல்ல. கங்கை மீன்களைப் பற்றிய 1822-ஆம் ஆண்டு நூலில் ஃபிரான்ஸிஸ் ஹாமில்ட்டன் விவரித்த ஸீப்ரா மீனின் சுரப்பியில் ஒரு கடிகாரமும் உண்டு. இடைவிடாத இருளில் வைத்தாலும் அது பகல் வேளையில் சுரப்பைக் குறைத்து, இரவு வேளையில் கூட்டும். காஷ்மீரத்திலும் நீலகிரியிலும் வளர்க்கப்படும் வானவில் டிரவுட் மீனின் சுரப்பிக்கு அக்கடிகாரம் இல்லை. இருள் நீடிக்கும் மட்டும் அது சுரந்துகொண்டே இருக்கும். பாலூட்டிகளாகிய நமது சுரப்பியோ ஒளியை நேரே உணர்வதில்லை. கண்ணின் வழியாகவே செய்தி பெறுகின்றது.

இந்த நுண்ணுணர்வே மீனுக்கு இன்னலாகவும் முடிகின்றது. இரவில் 1 லக்ஸ் அளவான ஒளியே பெர்ச் மீனின் மெலடோனினைக் குறைக்கப் போதுமென்று 2015-இல் பெர்லின் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். முழுநிலவின் ஒளி அதனினும் குறைவு. ஏரிக்கரையிலும் ஆற்றுப்பாலத்திலும் நாம் ஏற்றும் விளக்குகள், நீருக்குள் வாழும் உயிர்களிடமிருந்து இரவையே பறித்துவிடக் கூடும். அவ்விளக்குகளின் முகத்தை நீரின்பால் திருப்பாமல் பாதையின்பால் திருப்பி வைத்தல் நம்மால் இயன்ற எளிய உதவியாகும்.